வெள்ளிக்கிழமை முதலை

அத்தியாயம் 6

டில்லிபாபுவின் ஷேர் ஆட்டோவில் ஒரு தடவை பதினேழு பேர் ஏறினார்கள் என்று பூந்தமல்லியில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். பதினாறு பேர்தான். பதினேழாவது ஆடு. அதுவும் அரை டிக்கெட்.

அப்பேர்ப்பட்ட ஆட்டோவில் அந்தச் சனிக்கிழமை காலை இரண்டே பேர். ஓட்டுவது டில்லிபாபு. பின்னால் மடியில் கைப்பையோடு வரலட்சுமி.

வரலட்சுமிக்கு வயது ஐம்பத்து நான்கு. பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதனை. எதிரே வருகிற ஒவ்வொரு இரும்புத் துண்டிலும் குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்காரரிடம் நாற்பத்தொரு குறைகளைக் கண்டுபிடித்தார். இரண்டாவது வாரம் அந்த மனிதரே கைக்காசைப் போட்டு, டிரங்க் ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில் 'வரலட்சுமி துப்பறியும் நிலையம்' என்று போர்டு எழுதி மாட்டிவிட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து அந்த வீட்டில் நிம்மதி.

"யக்கா," என்றான் டில்லிபாபு, மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டியை வளைத்துக்கொண்டே. "முதலைய புடிச்சிட்டோம்னு வெச்சிக்க. எங்க ஒக்கார வெக்கிறது? முன்னாடியா, பின்னாடியா?"

"காசு கொடுத்தா எங்க வேணும்னாலும் உட்காரட்டும்."

"சில்லறையா குடுக்கச் சொல்லு. ஐந்நூறு ரூபா நோட்ட நீட்டிச்சின்னா பேஜாராப் பூடும்."

அவர்கள் போய்க்கொண்டிருந்தது நத்தமேட்டுக்கு. செம்பரம்பாக்கம் ஏரியின் கரையை ஒட்டி அங்கே மூன்று ஏக்கர் காடு இருந்தது. நாவல், இலந்தை, ஈச்சம்புதர், வேலிகாத்தான், அதன் மேல் சலவைக்குப் போட்ட துணி மாதிரி நூறு கொக்கு. சுற்றிலும் பிளாட்டும் குடோனும் தின்றது போக, இலையில் மிச்சம் விட்ட கடைசிக் கவளம். பட்டா சின்னப்பையன் என்கிற பெரியவரின் பேரில் இருந்தது. அவருக்கு அதை விற்றாக வேண்டும். ஒரு பக்கம் குடோன் கம்பெனி. இன்னொரு பக்கம், அதை அப்படியே பொதுப் பூங்காவாக வைத்துவிட வேண்டும் என்று கிளம்பிய காடு பாதுகாப்புக் குழு.

ஆடி மாசத்தில் யாரும் நிலம் பதிய மாட்டார்கள். "ஆவணி ஒண்ணாந்தேதி யாரு முழுத் தொகையோட வரீங்களோ அவங்களுக்குக் கையெழுத்து," என்று சொல்லிவிட்டார் சின்னப்பையன். குடோன் கம்பெனி ஆடி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, குழு ஊரையே கலக்கியது. கோலப்போட்டி, பிரியாணி டோக்கன், 'காட்டில் ஒரு சதுர அடி உங்கள் பெயரில்' என்று சான்றிதழ். காட்டை ஒட்டியிருந்த ஏரிச்சாரல் அப்பார்ட்மென்ட்காரர்கள் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். நத்தமேடு காலனிக்காரர்கள் வீட்டுக்கு ஐந்நூறு கொடுத்தார்கள். டிரங்க் ரோட்டில் ஒரு பஞ்சர் கடைக்காரர் பணமில்லாமல் நாலு டியூப் கொடுத்தார். அறுநூற்று நாற்பது குடும்பம். தொகை நிரம்பியேவிட்டது.

அப்போதுதான் முதலை வந்தது.

மூன்று வாரமாகச் சனிக்கிழமை காலைகளில் கரையில் கால் தடம். பதினொரு பேர் அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். முதலை இருக்கிற இடத்தில் பூங்காவா என்று தொண்ணூற்றெட்டு குடும்பம் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டது. நாளை ஞாயிறு மாலை குழுவின் கடைசிக் கூட்டம். அதற்குள் அவர்கள் மனம் மாறாவிட்டால், திங்கட்கிழமை ஆவணி ஒன்று, காடு குடோன்.

குழுவின் செயலாளர் தினகரன் கரையில் குடையோடு நின்றிருந்தார். தடத்துக்கு இருபதடி தள்ளி.

"அதுக்கு மேல நான் வரலை மேடம். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"அத முதலையாண்ட சொல்லி வெச்சிக்கீறீங்களா சார்?" என்றான் டில்லிபாபு.

வரலட்சுமி சேலையைச் செருகிக்கொண்டு ஈரமண்ணில் குந்தினார். தட்டு அகலத்தில் தடங்கள் வரிசையாகப் போயின. ஒவ்வொன்றிலும் நாலு விரல், நுனியில் நகம்.

"டில்லி, இங்க பாரு. மூணாவது விரல்ல என்ன?"

"கீறல் கீது. பாவம், அடிபட்டிருக்கும்."

"அடுத்த தடம்?"

"அதுலயும் கீது."

"பின்னங்கால்?"

டில்லிபாபு நாலு கால் பாய்ச்சலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "யக்கா! எல்லாத்துலயும் அதே கீறல். நாலு காலும் ஒரே காலு!"

"ஒரே அச்சு. இப்ப விளிம்பைப் பாரு. உயிருள்ள ஜந்து காலை எடுத்தா மண்ணையும் கொஞ்சம் இழுத்துக்கிட்டுப் போகும். இது கத்தியால வெட்டின மாதிரி நிக்குது. யாரோ அச்சை இறக்கி, விளிம்பு உடையாம நேரா மேல தூக்கியிருக்காங்க. ஒரு இடத்துல கூடப் பிசகல." குரலில் லேசாக ஒரு மரியாதை. முப்பது வருஷத்தில் அவர் இப்படி ஒரு சரக்கைப் பாஸ் பண்ணியது நாலைந்து முறைதான்.

"வாலு?" என்றார் தினகரன் தூரத்திலிருந்து. "வால் இழுத்த தடம் இருக்கே!"

வரலட்சுமி வால் தடத்திலிருந்து எதையோ பொறுக்கி எடுத்து உயர்த்திக் காட்டினார். ஒரு ஈர்க்குச்சி.

"துடப்பத்தால பெருக்கிக்கினே போய்க்கீறாங்க சார்," என்றான் டில்லிபாபு. "அவங்க காலடி தெரியாம இருக்க. சுத்தமான முதலை. வாரம் ஒரு தபா வந்து கரைய பெருக்கிட்டு போவுது. நீங்க சம்பளம் குடுக்கணும் அதுக்கு."

தடம் வேப்ப மரத்தடிக்குப் போயிற்று. அங்கே ஆளுயரத்துக்கு ஒரு புற்று, மஞ்சள் துணி சுற்றி. அதன் அடியில் இரண்டு முட்டை. இந்த முட்டைகளைத்தான் யாரோ பால்கனியிலிருந்து செல்போனில் இழுத்துப் படம் பிடித்து, 'முதலை குட்டி பொரிக்கப் போகிறது' என்று வாட்ஸப்பில் போட்டு, ஒரே மதியத்தில் நாற்பது குடும்பத்தைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

டில்லிபாபு குனிந்து பார்த்தான். முட்டை மேல் மஞ்சள். மஞ்சள் மேல் குங்குமம்.

"முட்டை போட்டு, பொட்டும் வெச்சிட்டு போயிருக்கு. நல்ல குடும்பத்து முதலை சார் அது."

"புத்துக்கு வெச்ச கோழி முட்டை," என்றார் வரலட்சுமி. "அதை விடு. தடம் எப்படிப் போகுதுன்னு எண்ணு."

டில்லிபாபு எண்ணினான். தடம் புற்றைச் சுற்றி ஒரு வட்டம் போயிற்று. அப்புறம் இன்னொரு வட்டம். அப்புறம் இன்னொன்று. பிறகு நேரே ஏரிக்குள் இறங்கிவிட்டது.

"மூணு சுத்து யக்கா."

"இடமா, வலமா?"

"வலம்," என்றான் டில்லிபாபு. தன்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டான். அம்மனையா முதலையையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் வரும். புத்தை மூணு தடவை வலம் வரும்," என்றார் வரலட்சுமி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு. "முதலை வேஷம் போடும்போதும் ஆத்தாவைச் சுத்தாம தாண்டிப் போக முடியல அந்த ஆளுக்கு."

தினகரன் குடையை மடக்கினார். இருபதடியில் பத்தடி முன்னேறினார். "அப்போ முதலை இல்லைன்னு குரூப்ல போட்டுடலாமா மேடம்?"

"போட்டா நம்புவாங்களா? பதினொரு பேர் கண்ணால பார்த்திருக்காங்க. செஞ்ச ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினாத்தான் முதலை சாகும்."

"செஞ்ச ஆளு யாருன்னு இன்னா டவுட்டு?" என்றான் டில்லிபாபு. "காடு யாருக்கு வேணும்? குடோன்காரனுக்கு. குடோன்காரனுக்கு புரோக்கர் யாரு? இளங்கோ. வுடு வண்டிய."

புரோக்கர் இளங்கோ பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் கிடைத்தான். விரலுக்கு ஒரு மோதிரம், சட்டைப்பைக்கு ஒரு செல்போன். வரலட்சுமியைப் பார்த்ததும் டீயை வைத்துவிட்டு எழுந்தான்.

"மேடம், சத்தியமா சொல்றேன். அந்த முதலை என் பார்ட்டி இல்ல."

"இன்னும் நாங்க கேக்கவே இல்லியே அண்ணாத்தே," என்றான் டில்லிபாபு.

"நீ கேக்கத்தான் வருவேன்னு மூணு வாரமா இந்த பதில மனப்பாடம் பண்ணிக்கினு கீறேன் நைனா. அந்த முதலையால எனுக்கு இன்னா லாபம்? குடோன் பார்ட்டி இன்னா கேக்கறான் தெரியுமா? 'முதலைக்கு எவ்ளோ கழிப்பீங்க'ங்கறான்! ஏக்கருக்கு எட்டு லட்சம் கொறைக்கணுமாம். என் கமிஷன்ல கை வெக்குது மேடம் அது!"

"குறைச்சுக் கொடுத்தா வாங்கிக்குவானா?"

"ஏன் வாங்க மாட்டான்? அவன் தரை முழுக்கக் காங்க்ரீட் போடப் போறான். முதலை அடியில பூடும்."

வரலட்சுமி இதைக் கேட்டுக்கொண்டாரே தவிர, பார்த்தது வேறொன்றை. இளங்கோவின் மோட்டார் சைக்கிள் டீக்கடை ஓரத்து அரச மரத்தடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சைடு ஸ்டாண்டுக்குப் பதிலாக அதைத் தாங்கிக்கொண்டிருந்தவர் மரத்தடிப் பிள்ளையார்.

"வா டில்லி, போகலாம். இவர் இல்ல."

"எப்படி யக்கா?"

"பிள்ளையார் மேல வண்டியைச் சாய்ச்சு வெக்கிற ஆளா புத்தை மூணு சுத்து சுத்தப் போறார்?"

டில்லிபாபுவுக்கு முகம் தொங்கிவிட்டது. அவனுடைய ஒரே குற்றவாளி அரை டம்ளர் டீயோடு விடுதலையாகிவிட்டான். "அப்ப யார்தான் யக்கா?"

"பக்தி இருக்கு. கையில ஒரு தொழில் சுத்தமும் இருக்கு. ஒரு விளிம்பும் உடையலன்னு சொன்னேனே. பவுண்டரியில இரும்பு வார்க்கிறதுக்கு முன்னாடி, மர அச்சை மண்ணுல புதைச்சு எடுத்துத்தான் குழி பண்ணுவாங்க. ரெண்டு தட்டு தட்டி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நேரா தூக்கணும். கை கொஞ்சம் ஆடினாலும் மண்ணு சரிஞ்சிடும். ஒரு மோல்டருக்கு அது பழகவே ஏழெட்டு வருஷம் ஆகும்."

"அம்பத்தூர், பாடின்னு ரிடையர் ஆன மோல்டருங்க ஆயிரம் பேர் கீறாங்களே யக்கா. ஊடு ஊடாப் போய் 'முதலை செஞ்சீங்களா'ன்னா கேப்போம்?"

"வேணாம். அந்தப் புத்தைக் கும்பிடுறவங்க நத்தமேடு காலனிக்காரங்கதான். நாளைக்கு அங்க கூழ் ஊத்துறாங்க. போய் நல்லா சாப்பிடுவோம்."

துப்பறியும் தொழிலில் டில்லிபாபுவுக்குப் பிடித்த ஒரே கட்டளை அதுதான்.

ஆடியின் கடைசி ஞாயிறு. காலனி அம்மன் கோயிலுக்கு முன்னால் ஒலிபெருக்கி ஊரைத் தூக்கிக்கொண்டிருந்தது. வேப்பிலைத் தோரணம், அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. குடம், சொம்பு, டிபன் கேரியர், ஒருவர் கையில் பிரஷர் குக்கர், எல்லாம் வரிசையில் நின்றன. டில்லிபாபு தன் பங்குக்கு ஆட்டோவிலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைக் கொண்டுவந்திருந்தான்.

கூழ் வரிசைக்குப் பக்கத்தில் சர்க்கரைப் பொங்கல் வரிசை. அதுதான் நீளம். பொங்கல் போட்டவர் அறுபது வயது மனிதர், ஒல்லி, மீசை வெள்ளை, பெயர் கோதண்டம். அவருடைய பொங்கல் மற்றவர்கள் போடுகிற பொங்கல் மாதிரி இலையில் விழுந்து படுத்துக்கொள்ளவில்லை. கோபுரம் மாதிரி நின்றது. உச்சியில் ஒரு முந்திரி.

டில்லிபாபு மூன்றாவது தடவை வரிசையில் வந்தான். "அண்ணாத்தே, உன் கைல இன்னாவோ கீது. ஊட்ல எங்கம்மா போட்டா வெள்ளம் வந்து வடிஞ்சாப்பல இருக்கும்."

வரலட்சுமி பொங்கலைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

கோதண்டம் டம்ளரில் பொங்கலை அள்ளினார். கட்டை விரலால் ஓரத்தில் அழுத்தினார். கரண்டிக் காம்பால் மேல்மட்டத்தை ஒரே இழுப்பில் சீவினார். இலையில் கவிழ்த்தார். டம்ளரின் இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு. மூச்சைப் பிடித்தார். நேரே மேலே தூக்கினார்.

விளிம்பு உடையவில்லை.

"அழகா இருக்குங்க," என்றார் வரலட்சுமி இலையை வாங்கிக்கொண்டு. "மோல்டிங்ல எத்தனை வருஷம்?"

"முப்பத்தியொண்ணு," என்றார் கோதண்டம் நெஞ்சை நிமிர்த்தி. "பாடியில கேட்டுப் பாருங்க. கோதண்டம் எறக்குன மோல்டுல ஒண்ணு கூட..."

அங்கே நிறுத்திக்கொண்டார். அடுத்த டம்ளரைத் தட்டாமலே தூக்கினார். பொங்கல் முதன்முறையாகச் சரிந்தது.

பின்னால் கூழ் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி நாகவல்லி துடுப்பை அண்டாவில் விட்டுவிட்டு வந்தாள். புருஷனைப் பார்த்தாள். வரலட்சுமியைப் பார்த்தாள். ஆள் யார் என்று விசாரிக்கவே இல்லை.

"நான் அப்பவே சொன்னேன் இல்ல? சுத்தாத, நேரா ஏரில எறங்குன்னு? மூணு வாரமும் சுத்திட்டு வந்து நிக்கிற!"

"வெள்ளிக்கெழமடி," என்றார் கோதண்டம் பரிதாபமாக. "ஆத்தாவ தாண்டிக்கினு எப்படிடி போவேன்?"

வீட்டில் அரிசி டிரம்முக்கு மூடியாக இருந்தது அந்தக் கால். தேக்கு மரம், நாலு விரல், மூன்றாவதில் உளி தவறிய கீறல். டில்லிபாபு அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் காலோடு அளந்துகொண்டான்.

"அண்ணாத்தே, வேல ஷோக்கா கீது. ஆனா ஏன்? நீயே காட்டுக்கு ஐந்நூறு குடுத்துக்கீற!"

நாகவல்லி ரவிக்கைக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வரலட்சுமியின் கையில் வைத்தாள். குழுவின் வண்ணத் துண்டறிக்கை. பூங்காவின் வரைபடம். சுற்றிலும் ஏழடி மதில். ஒரு கேட். கேட்டில் காவலாளி. 'அடையாள அட்டையுடன் குடியிருப்போருக்கு மட்டும்: காலை 5 முதல் 9.' புற்று இருக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, 'செல்ஃபி பாயின்ட்'.

"எங்க துட்டையும் வாங்கிக்கினு, எங்களயே கேட்டாண்ட நிக்க வெப்பாங்களாம்," என்றாள் நாகவல்லி. "விறகு பொறுக்குனது அங்க. எம் பொண்ணுக்கு காது குத்துனது அங்க. ஆத்தா மேல ஏறி நின்னுகினு போட்டோ எடுப்பாங்களா? நான் வுட்டுடுவேனா?"

"அவளும் நானும் யோசிச்சோம்," என்றார் கோதண்டம். "முதலைன்னு சொன்னா இவுங்களும் வர மாட்டாங்க, குடோன்காரனும் ஓடிப்பூடுவான். காடு சொம்மா கெடக்கும்னு நெனச்சோம்."

"குடோன்காரன் ஓடலீங்க," என்றார் வரலட்சுமி மெதுவாக. "தள்ளுபடி கேக்கிறான். நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுட்டுப் புத்தோட சேர்த்துக் காங்க்ரீட் ஊத்துவான்."

கோதண்டம் அரிசி டிரம்மின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு மோல்டு கூட உடையாத மனிதருக்கு முதல் ரிஜெக்ட்.

"இன்னா யக்கா பண்றது இப்ப?" என்றான் டில்லிபாபு. தானே வியக்கும்படி அதில் ஒரு கேலியும் இல்லை.

"அந்தக் காலை எடுத்துக்க. ஒரு தட்டுல ஈரமண்ணு. நீங்க ரெண்டு பேரும் வாங்க."

ஏரிச்சாரல் அப்பார்ட்மென்ட் கூடத்தில் மாலை ஐந்து மணிக்கு நிற்க இடமில்லை. மேடையில் தினகரன், பக்கத்தில் நிலத்துக்காரர் சின்னப்பையன். கோதண்டம் மேஜை மேல் மண் தட்டை வைத்தார். காலை இறக்கினார். இரண்டு தட்டு. மூச்சு. நேரே தூக்கினார். முதலை நடந்துவிட்டது.

முதலையைக் கண்ணால் பார்த்த பதினொரு பேரும் ஒரே சமயத்தில் மேலே ஃபேனைப் பார்த்தார்கள்.

வரலட்சுமி ஒலிவாங்கியைப் பிடித்தார். "இன்னும் பணம் திரும்ப வேணும்கிறவங்க ஒரு படிவம் நிரப்பணும். முதலையை எங்க, எத்தனை மணிக்குப் பார்த்தீங்க, எவ்வளவு நீளம். கையெழுத்து அவசியம். எல்லாத்தையும் லிஃப்ட் பக்கத்துல நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம்."

டில்லிபாபு படிவங்களோடு வரிசைக்கு வரிசை போனான். "வாங்கிக்க சார், இலவசம்." ஒரு கையும் நீளவில்லை. தொண்ணூற்றெட்டு குடும்பமும் ஐந்து நிமிஷத்தில் முதலையைக் கைவிட்டன. தினகரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் நாகவல்லி துண்டறிக்கையை மேஜையில் போட்டாள். "முதலை போச்சி. இது எப்ப போவும்?"

சிரிப்பு போய்விட்டது. பி பிளாக் கிருஷ்ணப்பிரியா எழுந்தார். முதலைக்குப் பல் எண்பது என்று எண்ணியே சொன்னவர் அவர். "மதில் இல்லைன்னா எப்படி? யார் யாரோ உள்ள வருவாங்க. மதில் வேண்டாம்னா எங்க பணமும் வேண்டாம்னு வெச்சுக்குங்க!"

"யார் யாரோன்னா யாரும்மா?" என்றாள் நாகவல்லி. "பேரச் சொல்லு, நானும் தெரிஞ்சிக்கிறேன்."

பாதிக் கூடம் கை தட்டியது. மறு பாதி கிருஷ்ணப்பிரியாவுக்குக் கை தட்டியது. சின்னப்பையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் வந்து போவட்டும்னுதான் வெல கொறைச்சி சொன்னேன். மதிலு வெச்சி பூட்டுறதுன்னா குடோன்காரனே மேலு. அவன் பூட்டுனாலும் நாலு பேருக்கு வேல குடுப்பான். காலைல பத்து மணிக்கு நான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருப்பேன். நீங்களே முடிவு பண்ணுங்க."

மதில் வைத்தால் நிலம் கிடையாது. மதில் இல்லாவிட்டால் பணம் கிடையாது. டில்லிபாபு வரலட்சுமியைப் பார்த்தான். அவர் துண்டறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளியைப் பிடித்தாகிவிட்டது, காடு கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கதர்ச் சட்டை, எழுபத்தைந்து வயது. ஏ பிளாக் மணவாளன்.

"தம்பி, அந்தப் படிவம் ஒண்ணு கொடு."

கூடமே கழுத்தை நீட்டியது. மணவாளன் நிதானமாக எழுதினார், கையெழுத்துப் போட்டார், ஊதிக் காய வைத்தார், டில்லிபாபுவிடம் கொடுத்து, "சத்தமாப் படி," என்றார்.

டில்லிபாபு படித்தான். "'சனிக்கிழமை காலை மணி ஐந்து நாற்பது. கரையில் முதலையைப் பார்த்தேன். நீளம் பதினான்கு அடி. என்னைக் கண்டதும் ஒரு பக்கமாக ஒதுங்கி வழி விட்டது. மரியாதை தெரிந்த பிராணி. எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். ஆனால் ஏழடி மதில் கட்டினால் அது ஏரியிலிருந்து எப்படி உள்ளே வரும்? மதிலை எடுத்துவிடவும். முதலை இல்லாத பூங்காவுக்கு நான் காசு தருவதாக இல்லை.'"

"சார்," என்றார் தினகரன் கெஞ்சலாக. "இப்பதானே அவர் செஞ்சு காட்டினார்! முதலையே கிடையாது!"

"அவர் காட்டினது கால்," என்றார் மணவாளன். "நான் பார்த்தது முதலை. நான் மட்டுமா? இந்தக் கூடத்துல இன்னும் பதினொரு பேர் பார்த்திருக்காங்க. அவங்கள்லாம் பொய் சொல்றவங்கன்னு சொல்றீங்களா?"

ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த பதினொரு தலைகளும் மெல்ல இறங்கின. போன மானம் கதவைத் தட்டுகிறது, திறக்க ஒரு கை தூக்கினால் போதும்.

"நானும் பார்த்தேன்," என்றார் மூன்றாவது வரிசைக்காரர் ஒருவர். "வழி விட்டது உண்மைதான்."

"எனக்கும் விட்டுது!"

பத்துக் கைகள். எல்லோரும் கிருஷ்ணப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மதில் வேண்டும் என்றால் முதலை பொய். முதலை பொய் என்றால் எண்பது பல்லும் பொய்.

"பாவம், வாயில்லாத ஜீவன்," என்றார் கிருஷ்ணப்பிரியா கடைசியில். "மதில் வேண்டாம்."

தினகரன் பேனாவைத் திறந்து வரைபடத்தில் மதிலை அடித்தார். கேட்டை அடித்தார். நாகவல்லி பக்கத்திலேயே நின்று, நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்து, அதையும் அடிக்கும் வரை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு சின்னப்பையன் கையெழுத்துப் போட்டார். மூன்று ஏக்கரும் காடு பாதுகாப்புக் குழு அறக்கட்டளையின் பேருக்கு, பொதுப் பூங்காவாக மட்டும் இருக்கும் என்கிற நிபந்தனையோடு, பதிவாயிற்று. சாட்சிக் கையெழுத்து இரண்டு: கோதண்டம், மணவாளன்.

திரும்பும்போது ஆட்டோவில் பன்னிரண்டு பேர். ஒருவர் ஒருவராக இறங்கி, நத்தமேட்டுத் திருப்பத்தில் மணவாளனும் வரலட்சுமியும் மட்டும் மிச்சம். டில்லிபாபு கண்ணாடியில் பெரியவரைப் பார்த்தான். இரண்டு கிலோமீட்டராக அடக்கிக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"சார், கோச்சிக்காத. விடிகாலைல அஞ்சு நாப்பதுக்கு நெஜமாவே இன்னா சார் பாத்த?"

"அஞ்சு நாப்பதா?" மணவாளன் சிரிக்கவில்லை. "ரிடையர் ஆன நாள்லேர்ந்து எட்டு மணிக்கு முன்னாடி நான் கண்ணு முழிச்சதே கிடையாதுப்பா."

வரலட்சுமி மெல்லத் திரும்பினார். "அப்புறம் எதுக்கு சார் எழுதிக் கொடுத்தீங்க?"

ஆட்டோ ஏ பிளாக் வாசலில் நின்றது. மணவாளன் கைத்தடியை ஊன்றி இறங்கி, கீழ் வீட்டு வராந்தாவைக் காட்டினார். அங்கே ஒரு சாய்வு நாற்காலி, எதிரே புதர், புதருக்கு மேல் கொக்கு, கொக்குக்கு அப்பால் தண்ணீர்.

"நான் கிரவுண்ட் ஃப்ளோர்மா," என்றார். "ஏழடி மதில் வந்தா, உட்கார்ந்த இடத்துலேர்ந்து எனக்கு ஏரி தெரியாது."